தொலைதூர ஊர்களில் குழந்தைகளுக்கான இணையவழிப் பல் ஆலோசனை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பல் மருத்துவரைப் பார்க்க ஒரு முழு நாள் பயணம் தேவைப்படும் மலைக் குடியிருப்புகளிலும் தீவுகளிலும் காட்டோர ஊர்களிலும், குழந்தையின் சொத்தைப் பல் பெரும்பாலும் முகம் வீங்கிய பிறகுதான் மருத்துவரின் பார்வைக்கு வருகிறது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 51.4 கோடிக் குழந்தைகளின் பால் பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு வாய்நல அறிக்கை மதிப்பிடுகிறது. சாலையும் வசதியும் உள்ள ஊர்களிலேயே குழந்தைகளின் பற்கள் கவனிக்கப்படாமல் போகும்போது, தொலைவில் இருப்பவர்களின் நிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இணையவழி ஆலோசனை பல்லை அடைக்காது, பிடுங்காது. எந்தக் குழந்தையை இன்றே அனுப்ப வேண்டும், எந்தக் குழந்தை சில வாரங்கள் பொறுக்கலாம், எந்தக் குழந்தைக்கு ஊரிலேயே செய்யக்கூடியது போதும் என்று பிரித்துச் சொல்வதே அதன் வேலை. அந்தப் பிரிப்பு சரியாக அமைவது திரைக்கு மறுபக்கம் இருக்கும் மருத்துவரின் திறமையைவிட, குழந்தையின் அருகில் உட்கார்ந்து உதட்டைத் தூக்கிப் பார்ப்பவரின் கவனத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி மருத்துவருக்காக அல்லாமல், அருகில் இருக்கும் செவிலியர், சுகாதாரப் பணியாளர், ஆசிரியர், தன்னார்வலர் ஆகியோருக்காக எழுதப்பட்டுள்ளது.

முதலில் பேசி முடிக்க வேண்டியவை

செயலியையும் கருவிகளையும் தேடுவதற்கு முன், உங்கள் பகுதியில் மருத்துவம் பார்க்கச் சட்டப்படி உரிமம் பெற்ற, குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய ஒரு பல் மருத்துவருடன் எழுத்துப்பூர்வமாக ஓர் ஏற்பாட்டுக்கு வாருங்கள். படங்களை அனுப்பினால் எத்தனை நாட்களுக்குள் பதில் வரும், அவசரமென்றால் எந்த எண்ணில் அழைக்கலாம், அவர் இல்லாத நாட்களில் யார் பார்ப்பார், ஊரில் இருக்கும் நீங்கள் எவற்றைச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது ஆகிய நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான விடை நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் செவிலியர் பல்லில் மருந்து பூசலாம், வேறிடத்தில் அதற்கெனப் பயிற்சிச் சான்று வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரில் சிகிச்சை தேவைப்படும் குழந்தையை ஏற்றுக்கொள்ள ஒரு மருத்துவமனை முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். பயணச் செலவை யார் ஏற்பது, உடன் யார் செல்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளின் வாயையும் படமெடுத்து, இன்னின்ன பற்கள் கெட்டுவிட்டன என்று பெற்றோரிடம் சொல்வது அவர்களுக்குக் கவலையை மட்டுமே கொடுக்கும். அனுப்ப இடமில்லை என்றால், பரிசோதனையைத் தள்ளிவைத்துவிட்டுப் பல் துலக்கும் பழக்கத்தை மட்டும் முதலில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

ஆலோசனையை இரண்டு விதமாக நடத்தலாம். ஒன்றில் படங்களையும் குறிப்புகளையும் சேமித்து அனுப்பிவிட்டால், மருத்துவர் தமக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் எழுதுவார். மற்றொன்று நேரடிக் காணொளி அழைப்பு. காணொளிதான் உயர்ந்தது என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில், அசையும் குழந்தையின் இருண்ட வாயைக் காணொளியில் காட்டுவதைவிடத் தெளிவாக எடுத்த ஐந்து படங்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். இணைப்பு விட்டு விட்டு வரும் ஊர்களில் காணொளி பாதியில் நின்றும் போகும். படங்களை முந்தைய நாளே அனுப்பிவிட்டு, வலி, வீக்கம், பெற்றோரின் அச்சம் ஆகியவற்றைப் பற்றிப் பேச மட்டும் அழைப்பை வைத்துக்கொள்ளலாம். காணொளி கிடைக்காதபோது சாதாரணத் தொலைபேசி அழைப்பே அதற்குப் போதும்.

கருவிகள்

பின்புறக் கேமராவில் ஒளி விளக்குள்ள செல்பேசி, தலையில் மாட்டும் சிறு விளக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கையுறைகள், பஞ்சுத் துணித் துண்டுகள், கன்னத்தை விலக்கக் கொதிநீரில் சுத்தப்படுத்திய கரண்டி அல்லது உதடு விலக்கி, குழந்தைகளின் எடையைப் பார்க்க ஒரு தராசு. இவை போதும். வாய்க்குள் நுழைக்கும் தனிக் கேமராக்கள் நல்லவைதான் என்றாலும், தொடக்கத்தில் அவற்றுக்குப் பணம் செலவிடத் தேவையில்லை.

சம்மதமும் அந்தரங்கமும்

பெற்றோர் அல்லது காப்பாளரிடம், படம் எதற்கு எடுக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், இந்த முறையில் எவையெல்லாம் தெரியாமல் போகலாம் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெறுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி ஒருவரின் முன் வாசித்துக் காட்டலாம். பெற்றோர் சம்மதித்த பிறகும் குழந்தை வாயைத் திறக்க மறுத்தால், வலியோ வீக்கமோ இல்லாதவரை அன்று விட்டுவிட்டு வேறொரு நாள் முயலுங்கள்.

சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே படத்தில் கண்கள் விழாமல் மூக்குக்குக் கீழே மட்டும் எடுங்கள். கோப்பில் பெயருக்குப் பதிலாக எண்ணைப் போடுங்கள். எந்த எண் எந்தக் குழந்தைக்குரியது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். மருத்துவர் தரப்பிலுள்ள பாதுகாப்பான பதிவேற்றத் தளத்தையே பயன்படுத்துவது சரி. அரட்டைச் செயலிகளில் படமாக அனுப்பினால் அவை படத்தைச் சுருக்கிவிடும், வெடிப்பும் வெண்புள்ளியும் மங்கிப்போகும் என்பதும் இதற்கு ஒரு காரணம். பதிவேறியது உறுதியானதும் செல்பேசியிலிருந்தும், அது தானாகச் சேமித்துவைக்கும் இணையக் கிடங்கிலிருந்தும் படங்களை நீக்குங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

குழந்தையின் வயது, எடை, இதய நோய், ஆஸ்துமா, இரத்தக் கசிவு நோய் போன்றவை, சாப்பிட்டுவரும் மருந்துகள், ஒவ்வாமைகள் ஆகியவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வலியைப் பற்றிக் கேட்கும்போது "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது, பயந்த குழந்தை இல்லையென்றே தலையாட்டும். இரவில் வலியால் எழுந்து அழுகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, குளிர்ந்த தண்ணீர் பட்டு வரும் வலி உடனே போய்விடுகிறதா, நெடுநேரம் நிற்கிறதா என்று தாயிடம் கேளுங்கள். தானாகவே வந்து தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பல்லின் நரம்புவரை சொத்தை போய்விட்டது என்பதற்கான அடையாளம்.

"போன மாதம் துடித்தான், இப்போது வலி இல்லை, சரியாகிவிட்டது" என்று சொல்லும் பெற்றோரின் குழந்தையை மட்டும் இரண்டாவது முறை பாருங்கள். நரம்பு செத்துவிட்டாலும் வலி நிற்கும். பின்பக்கத்துப் பால் கடைவாய்ப்பல்லுக்கு நேரே, ஈறில் பருவைப் போல ஒரு சிறு கொப்புளம் இருக்கும். சில சமயம் அதன் நுனியில் மஞ்சளாகச் சீழ் தெரியும். சீழ் வழிந்து வெளியேறுவதால் அழுத்தம் குறைந்து, குழந்தை நிம்மதியாக விளையாடிக்கொண்டிருக்கும். கிருமித் தொற்றோ உள்ளேயே இருக்கும். வலியில்லாத இந்தக் குழந்தையும் பயணப் பட்டியலில் சேர வேண்டியதே.

உட்கார வைத்துப் படமெடுத்தல்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்காரும் முறை ஏற்றது. தாயும் நீங்களும் எதிரெதிரே, முழங்கால்கள் தொடும்படி உட்காருங்கள். குழந்தை தாயின் மடியில் அவரைப் பார்த்தபடி, கால்களை அவர் இடுப்பின் இருபக்கமும் போட்டு உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து மெதுவாகப் பின்னால் சாய்த்து, தலை உங்கள் மடியில் வருமாறு படுக்க வையுங்கள். தாய் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொள்வார். குழந்தைக்குத் தாயின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். அழுதால் அழட்டும், அழும் வாய் திறந்த வாய். மேலுதட்டைச் சுட்டுவிரலால் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பைப் போல வெள்ளையான கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று பொருள். குழி விழாத இந்தக் கட்டத்தில் அதைத் தடுத்து நிறுத்த முடியும். படம் எடுப்பது இன்னொருவராக இருக்கட்டும். அரை நிமிடத்துக்கு மேல் இதை நீட்டிக்க வேண்டாம்.

பெரிய குழந்தைகளை வெளிச்சமுள்ள இடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து ஐந்து படங்கள் எடுக்க வேண்டும்: பற்களைக் கடித்தபடி முன்பக்கம், அதே நிலையில் வலப்பக்கம், இடப்பக்கம், வாயை அகலத் திறந்து மேல் பற்களின் மெல்லும் பரப்பு, கீழ்ப் பற்களின் மெல்லும் பரப்பு. மேல் பற்களுக்குக் குழந்தை தலையை நன்றாகப் பின்னால் சாய்க்க, நீங்கள் தாழ்ந்து கீழிருந்து எடுங்கள். கீழ்ப் பற்களுக்கு முகவாயைத் தாழ்த்தச் சொல்லி மேலிருந்து எடுங்கள். எடுப்பதற்கு முன் பல்லைத் துலக்க வைத்துப் பஞ்சுத் துணியால் எச்சிலை ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரப் பல்லில் விளக்கொளி பட்டுப் பளபளத்தால் சொத்தையின் தொடக்கம் மறைந்துவிடும். செல்பேசியை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனால் படம் கலங்கும். ஒரு சாண் தள்ளி நின்று சற்றே பெரிதாக்கி, திரையில் பல்லின் மீது விரலால் தொட்டுக் குவியம் நின்ற பிறகு எடுங்கள். கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

தற்படக் கேமராவை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். பல செல்பேசிகளில் அது இடவலம் மாற்றிப் பதிவு செய்யும். இடப்பக்கப் பல் வலப்பக்கமாகத் தோன்றி, மருத்துவரின் குறிப்பு தவறான பல்லுக்குப் போய்விடும். ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் படமாக அதன் எண்ணை எழுதிய அட்டையையும், பக்கப் படங்களுக்கு முன் "வலம்" அல்லது "இடம்" என்று எழுதிய அட்டையையும் எடுத்துவிட்டால், பள்ளி முழுவதையும் ஒரே காலையில் பார்த்து முடித்தாலும் படங்கள் கலக்காது.

பற்களைக் குறிப்பிடப் பெரும்பாலான நாடுகளில் இரண்டு இலக்க எண்முறை வழக்கத்தில் உள்ளது. பால் பற்களில் குழந்தையின் வலப்பக்க மேல்வரிசை 51 முதல் 55 வரை, இடப்பக்க மேல்வரிசை 61 முதல் 65 வரை, இடப்பக்கக் கீழ்வரிசை 71 முதல் 75 வரை, வலப்பக்கக் கீழ்வரிசை 81 முதல் 85 வரை. நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செல்ல வேண்டும். பால் பற்கள் மொத்தம் 20. அவற்றுக்குப் பின்னால் ஆறாவதாக ஒரு பெரிய கடைவாய்ப்பல் தெரிந்தால், அது ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் நிலைப்பல். எந்தப் பல்லும் விழாமல் புதிதாக முளைப்பதால் அதையும் விழப்போகும் பால் பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பள்ளங்களில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்து, தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் அது. கூர்மையான எதைக் கொண்டும் பல்லைக் குத்திப் பார்க்க வேண்டாம்.

இரண்டு பற்களுக்கு இடைப்பட்ட சொத்தை படத்தில் பெரும்பாலும் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். ஆகவே மருத்துவர் "படத்தில் சொத்தை தென்படவில்லை" என்று எழுதினால், அதைப் பெற்றோரிடம் "பற்கள் நன்றாக உள்ளன" என்று மாற்றிச் சொல்லாதீர்கள்.

ஊரிலேயே செய்யக்கூடியவை

மருத்துவரின் பதில் வந்ததும் குழந்தைகளை மூன்று பட்டியலாகப் பிரிக்கலாம்: உடனே செல்ல வேண்டியவர்கள், சில வாரங்களுக்குள் செல்ல வேண்டியவர்கள், ஊரிலேயே கவனிக்கப்பட வேண்டியவர்கள். கடைசிப் பட்டியலே பெரும்பாலும் நீளமாக இருக்கும் என்பதால் அதில் உங்களுக்கு வேலை அதிகம்.

ஃபுளோரைடு பற்பசை முதலாவது. 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் 1000 பங்கு) அல்லது அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ளதா என்று உறையில் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். இரவு படுக்கும் முன் கட்டாயமாக ஒருமுறை, பகலில் ஒருமுறை. துலக்கிய பின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும்.

அடுத்தது ஃபுளோரைடு வார்னிஷ், அதாவது பல்லின் மேல் பூசும் ஃபுளோரைடுப் பூச்சு. மருத்துவர் பரிந்துரைத்து, உங்களுக்கு அனுமதியும் பயிற்சியும் இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது, சொத்தை அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று நான்கு முறையும், சிறு தூரிகையால் பூசிவிடலாம். இதற்குப் பல் நாற்காலி தேவையில்லை.

சொத்தை விழுந்து குழியான, ஆனால் நரம்புவரை போகாத பற்களுக்கு 38 சதவீதச் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். ஊசியும் துளையிடலும் இல்லாமல் சொத்தையைப் பல பற்களில் நிறுத்திவிடும் இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இது சொத்தைப் பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்கும். கறுத்த பல்லின் படத்தைப் பெற்றோருக்கு முதலிலேயே காட்டி, முன்பல் என்றால் இரண்டாவது முறையும் கேட்டு, அதன் பிறகே சம்மதம் வாங்குங்கள். விவரம் தெரியாத தாய், மறுநாள் கறுத்த பல்லைப் பார்த்துவிட்டு மருந்து பல்லைக் கெடுத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னால், அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள். வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வாய்ப்புண் இருக்கும்போதும், சீழ் கட்டிய பல்லிலும் இதைப் பூசக் கூடாது. தோலில் பட்ட கறை சில நாட்களில் போய்விடும், துணியில் பட்டது போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுவது பயனைக் கூட்டும்.

காத்திருக்க முடியாதவை

கீழ்த்தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், கண் மூடும் அளவுக்குக் கன்னத்தில் வீக்கம், விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், மூச்சுத் திணறல், வாயைத் திறக்க முடியாத நிலை, காய்ச்சலுடன் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படமெடுத்து அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே வண்டி ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவரைப் போகும் வழியில் அழைக்கலாம். பல்லில் தொடங்கிய தொற்று மூச்சுக் குழாயை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும்.

வீக்கமில்லாத பல்வலிக்கு உடல் எடையைக் கணக்கிட்டுப் பாராசிட்டமால் கொடுக்கலாம்: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மாத்திரையை ஈறில் வைத்து அழுத்தினால் ஈறு வெந்துபோகும். வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் பெற்றோர் கொடுத்திருந்தால், கடிந்துகொள்ளாமல் அதன் பெயரைக் கேட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

விழுந்து பல் கழன்றுவிட்டால் முதலில் தலையில் அடிபட்டதா, நினைவு தப்பியதா, வாந்தி எடுத்ததா என்று பாருங்கள். அவற்றில் ஏதேனும் இருந்தால் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் நிலைப்பல்லை அது சேதப்படுத்தும். நிலைப்பல்லாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ மெல்ல அலசி, அதே குழியில் சரியான பக்கம் பார்த்துப் பொருத்தி, மடித்த துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். பொருத்த முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. பல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்து கிடந்தால் அதன் வேரைச் சுற்றியுள்ள செல்கள் பிழைப்பது அரிது. இந்த ஒரு நிலையில் நேரடிக் காணொளி அழைப்பு மிகவும் உதவும்: அது பால் பல்லா நிலைப்பல்லா என்று மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார், பொருத்தும் கைக்கும் வழிகாட்டுவார். கழன்ற பல் எங்கும் கிடைக்காமல் குழந்தை இருமிக்கொண்டிருந்தால், அது மூச்சுக்குழாயில் இருக்கக்கூடும் என்று கருதி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பதிலுக்குப் பிறகு

மருத்துவரின் பரிந்துரையைப் பெற்றோரிடம் சொல்லும்போது, அடுத்து என்ன, எங்கே, எந்த நாளில் என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அனுப்பப்பட்ட குழந்தை உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் பதிவேட்டில் தனியாக ஒரு கட்டம் வேண்டும். போகாதவர்களின் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டால், பெரும்பாலும் அக்கறையின்மை காரணமாக இருக்காது. ஒரு நாள் கூலி, வீட்டில் விட்டுச் செல்ல முடியாத கைக்குழந்தை, முன்பு பல் பிடுங்கியபோது பட்ட பயம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். மூன்று நான்கு குழந்தைகளை ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒரு பெரியவரின் துணையுடன் அனுப்பினால் இவற்றில் பலவும் தீரும். அதற்கு மருத்துவமனையிடம் ஒரு முழுக் காலையை முன்கூட்டியே ஒதுக்கி வாங்க வேண்டும். குழந்தைகள் போய்ச் சேருவதற்கு முன் அவர்களின் படங்களும் குறிப்புகளும் எடை விவரமும் அங்கே போயிருந்தால், முதல் வருகையிலேயே சிகிச்சை தொடங்கலாம். வெறும் பரிசோதனைக்காக ஒரு பயணம், சிகிச்சைக்காக மறுபடியும் ஒரு பயணம் என்று அலைய வேண்டியிருக்காது.

வார்னிஷ் பூசிய நாள், சில்வர் டயமின் பூசிய பல்லின் எண், அடுத்து பூச வேண்டிய மாதம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஒரு பிரதியைப் பள்ளியில் வைத்துவிடுங்கள். சில்வர் டயமின் பூசிய பல்லை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மீண்டும் படமெடுத்து அனுப்ப வேண்டும். கறுத்து இறுகியிருந்தால் சொத்தை நின்றிருக்கிறது, பழுப்பாகவே மென்மையாக இருந்தால் மறுபடியும் பூசச் சொல்வார்கள்.